வேப்பம் பலகையும் மாமனாரின் தறிமரமும்

எங்கள் வீட்டு நடையில் ஒரு பெஞ்சு கிடக்கிறது. ஐந்தடி நீளம், ஒண்ணேகால் அடி அகலம். வேப்பம் பலகை. புதுசாக வருகிறவர்கள் அதில் உடனே உட்கார மாட்டார்கள். குனிந்து பார்ப்பார்கள். ஏன்னா பலகையின் நடுவில் கையளவு நீளத்துக்கு மேல ஒரு வெடிப்பு ஓடுது. அந்த வெடிப்புக்குக் குறுக்கே மூணு சின்னக் கட்டைகள் பதித்திருக்கும். ரெண்டு பக்கமும் அகலம், நடுவில் இடுப்பு ஒடுங்கினது. அம்மன் கோயில் பூசாரி கையில் இருக்கும் உடுக்கை மாதிரி. பலகை சிவப்பு, கட்டைகள் அதைவிடக் கருத்த பழுப்பு.

"உடைஞ்சதை ஒட்டவெச்சீங்களா?" என்று சிலர் கேட்பார்கள். "அழகுக்கு வெச்சதா?" என்று சிலர். ரெண்டும்தான் என்று சொல்லிவிடுவேன். அதுக்குப் பின்னால் இருக்கிற கதையை எல்லாரிடமும் சொல்ல முடியாது. அதில் என் தப்பு ஒண்ணு இருக்கு. இன்றைக்கு அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்க ஊர் சந்தவாசல். வேலூரில் இருந்து போளூர் போகிற ரோட்டில், கண்ணமங்கலம் தாண்டி வரும். மேற்கே ஜவ்வாது மலை, பக்கத்தில் படவேடு ரேணுகாம்பாள் கோயில். கிழக்கே போனால் ஆரணி. பட்டுச்சேலைக்குப் பேர்போன ஊர். ஆரணி மட்டும் இல்லை, சுத்துப்பட்டு ஊர்களிலும் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். என் மாமனார் வீடும் அப்படித்தான். ஒண்ணரை ஏக்கர் நிலம், வீட்டுக்குள்ளே ஒரு குழித்தறி. மழை இருந்தால் ஏர், இல்லாவிட்டால் தறி. என் வீட்டுக்காரம்மா அந்தத் தறிக்குப் பக்கத்தில் தொட்டிலில் கிடந்து வளர்ந்தவள்.

2019-ல் மாமனார் தவறிப்போனார். அடுத்த வருஷம் கொரோனா. பட்டுக்கு ஆர்டர் நின்றுபோச்சு. மச்சான் தறியைப் பிரித்துவிட்டான். அவனையும் குத்தம் சொல்ல முடியாது. ரெண்டு பிள்ளைங்க, வேலை இல்லை. தறிக்குழியை மூடி சிமெண்டு போட்டு பைக் நிறுத்துகிற இடமாக ஆக்கினான். தறிச் சட்டங்கள் எல்லாம் விறகுக்குப் போச்சு. அப்போ எங்க வீட்டுக்காரம்மா ஓடிப்போய் ரெண்டு பொருளை மட்டும் எடுத்துவந்தாள். ஒண்ணு அவங்க நைனா கையால் தேய்ந்த நாடா. இன்னொண்ணு படமரம்.

பட்டணத்தில் இருக்கிறவங்களுக்குப் படமரம் தெரியாமல் இருக்கலாம். நெய்தவன் மடிக்கு முன்னால் குறுக்கே இருக்கிற உருட்டு மரம். நெய்து முடிந்த சேலை அதில்தான் சுத்திக்கொண்டே வரும். நெய்கிறவன் நாள் முழுக்க வயிற்றை அதன்மேல் சாய்த்தபடிதான் வேலை செய்வான். நாற்பது வருஷம் அப்படி உட்கார்ந்ததில் மாமனார் படமரம் நடுவில் கண்ணாடி மாதிரி வழவழ என்று ஆகியிருந்தது. தடவினால் மரம் என்றே தெரியாது. அதை மாட்டுக்கொட்டகை விட்டத்தின் மேல் ஒரு பழைய துணியில் சுத்தி வைத்தாள்.

அதே வருஷம் நவம்பர் மாசம் நிவர் புயல் வந்தது. 25-ம் தேதி ராத்திரி மரக்காணம் பக்கம் கரையைக் கடந்தது என்று செய்தியில் சொன்னார்கள். விடிகாலையில் இங்கே காற்று பிடித்தது. கிணற்று மேட்டில் எங்க தாத்தா காலத்து வேப்பமரம் ஒண்ணு. நான் கட்டிப்பிடித்தால் என் ரெண்டு கையும் சேராது. அது வேரோடு சாய்ந்து பம்புசெட்டு ஓட்டை நொறுக்கியிருந்தது.

விறகு வியாபாரி வந்து பார்த்தார். மொத்த மரத்துக்கும் மூவாயிரத்து ஐநூறு ரூபாய் என்றார். வெட்டி எடுத்துப் போவது அவர் பொறுப்பு. எனக்குப் பம்புசெட்டைச் சரிபண்ணப் பணம் வேணும், சரி என்று தலையாட்டப் போனேன். அந்த நேரம் பார்த்து எங்க ஊர் ஆசாரி அந்தப் பக்கமாக வந்தார்.

ஆசாரிக்கு அப்போது அறுபத்தெட்டு வயசு. எங்க அப்பாவுக்கு ஏர் செய்து கொடுத்தவர். டிராக்டர் வந்த பிறகு ஏர் வேலை போச்சு. டயர் வண்டி வந்து மரச்சக்கரம் போச்சு. கடையில் ரெடிமேடு கதவு வந்து நிலை, கதவு வேலையும் போச்சு. கட்டட வேலையில் பலகை அடிக்கப் போய்க்கொண்டிருந்தார். மரத்தை ஒரு சுத்து சுத்தி வந்து, கோடாலிக் காம்பால் நடுமரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"தம்பி, கிளையெல்லாம் குடுத்துடு. நடுமரத்தை மட்டும் வுடு. இத அடுப்புல வெக்கறது பாவம்."

"வெச்சிக்கினு இன்னாண்ணா பண்றது?"

"இன்னா பண்றதுன்னு அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல வெச்சிக்கோ."

கிளை மட்டும் ஆயிரத்து எண்ணூறுக்குப் போச்சு. நடுமரம் பொங்கல் வரைக்கும் மேட்டிலேயே கிடந்தது. அப்புறம் டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி ரம்பப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். ரெண்டரை அங்குல கனத்துக்கு ஆறு பலகை. மரம் பிளக்கும்போது பக்கத்தில் நிற்கணும். என் வாழ்க்கையில் எத்தனையோ முறை நெல் அறுத்திருக்கேன், கரும்பு வெட்டியிருக்கேன். ஒரு மரத்தின் உள்பக்கத்தை முதல்முதலாக வெளிச்சத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். வெளியே வெள்ளைத் தோல் மாதிரி ரெண்டு விரல்கடை, உள்ளே செம்மண் நிறம். கசப்பு வாடை தொண்டைக்குள் இறங்குது. எங்க தாத்தா மாடு கட்டுவதற்கு அடித்த இரும்பு முளையின் கறுப்புக் கறை ஒண்ணு பலகைக்குள் இருந்தது. மரம் அதை மூடி வளர்ந்திருக்கு.

ஆசாரி சொல்லி அனுப்பினார், நிழலில் அடுக்கு, பலகைக்குப் பலகை நடுவில் குச்சி வை, ரெண்டு முனையிலும் சாணியைக் கெட்டியாகப் பூசு, அவசரப்படாதே என்று. ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் என்பது தச்சர்கள் கணக்கு. ரெண்டரை அங்குலத்துக்கு ரெண்டரை வருஷம். விவசாயிக்கு அவ்வளவு பொறுமை எங்கே? நாலு மாசத்தில் நெல் வந்துவிடுது. நான் என்ன பண்ணினேன், சித்திரை வெயிலில் ஒரு பலகையை மட்டும் எடுத்துக் களத்தில் நிறுத்தினேன். மல்லாட்டை காய்வது மாதிரி காயட்டும் என்று நினைப்பு. அடுத்த வாரம் ஒரு மத்தியானம் சோற்றில் கை வைத்தேன், 'டப்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் பலகை முனையில் இருந்து பிளந்து போயிருந்தது.

ஆசாரி வந்து திட்டின திட்டு இருக்கே, அதை எழுத முடியாது. திட்டி முடித்துவிட்டுப் பொறுமையாகச் சொல்லியும் கொடுத்தார். மரம் காயும்போது நீளத்தில் சுருங்குவது கொஞ்சமே கொஞ்சம். குறுக்கேதான் சுருங்கும். அதிலும் வளையம் ஓடுகிற திசையில் சுருங்குவது, நடுவில் இருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவது போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. ஒரே பலகைக்குள் ஒரு பக்கம் அதிகம் இழுக்குது, ஒரு பக்கம் குறைவாக இழுக்குது. மெதுவாகக் காய்ந்தால் சமாளித்துக்கொள்ளும். வேகமாகக் காய்ந்தால் மேல்தோல் முதலில் சுருங்கி, உள்ளே ஈரம் அப்படியே இருந்து, எங்கேயாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஏரி மண் கோடையில் வெடிக்கிற மாதிரிதான். முனைகளில் ஈரம் சீக்கிரம் போகும், அதனால்தான் சாணி. எல்லாம் காரணமாகத்தான் சொல்லியிருக்கார். கேட்காதது நான்.

வெடித்த பலகையைக் கொட்டகை ஓரமாகச் சாத்திவிட்டேன். மற்ற அஞ்சையும் தொடவில்லை.

என் பெண் சென்னையில் வீட்டுச் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். லீவுக்கு வந்தவள் இந்தப் பலகையைப் பார்த்தாள். "அப்பா, இதை நெருப்புல போட்டுடாதீங்க" என்று போனில் சில படங்களைக் காட்டினாள். ஓரம் சீவாமல், மரம் எப்படி வளர்ந்ததோ அப்படியே வளைவும் நெளிவுமாக விட்ட மேசைகள். நடுவில் வெடிப்பு. அந்த வெடிப்பில் உடுக்கை மாதிரி கட்டைகள். செய்தவர் பேர் ஜார்ஜ் நகாஷிமா.

அவர் கதையை அவள் படித்துச் சொன்னாள். 1905-ல் அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சத்துக்காரர். படித்தது கட்டடக் கலை. 1937-ல் நம்ம பாண்டிச்சேரிக்கு வந்திருக்கார்! அரவிந்தர் ஆசிரமத்துக்காக ஒரு தங்கும் விடுதி கட்டினார்கள். அன்டோனின் ரேமண்ட் என்கிறவர் வரைந்த கட்டடம், அதைக் கட்டுகிற இடத்தில் நின்று பார்த்துக்கொள்ள நகாஷிமாவை அனுப்பினார். ஐதராபாத் திவானாக இருந்த சர் அக்பர் ஹைதரி மூலமாகப் பணம் வந்ததால் அதுக்கு கோல்கொண்டா என்று பேர். பிரெஞ்சு வாடையில் கோல்கோண்ட் என்பார்கள். அங்கே தேக்கு மரத்தில் சாமான்களும் நகாஷிமாவே வடிவமைத்திருக்கார். சுந்தரானந்தா என்று ஆசிரமத்தில் அவருக்குப் பேர் வைத்திருக்காங்க. 1939-ல் கிளம்பிப் போய்விட்டார்.

அப்புறம்தான் கஷ்டம். 1942-ல் போர் நேரத்தில் அமெரிக்காவில் இருந்த ஜப்பானிய வம்சத்தவர்களை எல்லாம் முகாமில் அடைத்தார்கள். இவரையும் மனைவியையும் கைக்குழந்தையையும் ஐடஹோ மாநிலத்தில் மினிடோகா முகாமில் போட்டார்கள். அங்கே ஜென்டாரோ ஹிகோகாவா என்ற ஜப்பானியத் தச்சர் ஒருத்தர். அவரிடம்தான் இவர் கைவேலையை முறையாகக் கற்றுக்கொண்டார். கட்டடக் கலை படித்த ஒருத்தர், முள்வேலிக்குள், ஒரு ஆசாரியிடம் உளி பிடிக்கக் கற்றார் என்பதைக் கேட்டபோது எனக்கு என்னவோ போல் இருந்தது. 1943-ல் வெளியே வந்து பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற ஊரில் பட்டறை போட்டார். 1964-ல் மறுபடியும் இந்தியா வந்து அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்காக மரச்சாமான்கள் வடிவமைத்தார். 1990-ல் இறந்தார். அவர் செய்த மேசைகளை இன்றைக்குக் கலைப்பொருள் என்று அருங்காட்சியகத்தில் வைக்கிறாங்க. ஆனால் சாப்பிடுகிறதுக்குச் செய்த மேசை அது.

அடுத்த வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் பாண்டிச்சேரி போனபோது அந்தக் கட்டடத்தைத் தெருவில் நின்று பார்த்தேன். உள்ளே போகவில்லை. சுவர் முழுக்கப் பலகை பலகையாகத் திறக்கிற தடுப்புகள், காற்று வர. வேட்டியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து கொஞ்ச நேரம் நின்றேன். எண்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மனுஷன் இந்த வெயிலில் மரத்தைத் தடவிக்கொண்டு நின்றிருக்கான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்து ஆசாரியிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பெருசாக ஆச்சரியப்படவில்லை.

"இது இன்னா புதுசா? ஏர் செய்யறப்ப நாங்க இன்னா பண்ணோம்?"

அவர் சொன்னது நியாயம். ஏருக்கு நேர் மரத்தை எடுத்து வளைக்க மாட்டார்கள். எந்தக் கருவேல மரத்தில் எந்தக் கிளை ஏருக்கு வேண்டிய கோணத்தில் வளைந்திருக்கு என்று தேடிக்கொண்டு திரிவார்கள். அந்த வளைவிலேயே நார் ஓடணும். அப்போதான் கல்லில் மோதினாலும் ஏர் முறியாது. நேர் மரத்தில் வளைவு அறுத்தால் நார் அறுபட்டு முதல் உழவிலேயே போய்விடும். நுகத்தடிக்கு நுணா, மாட்டுக் கழுத்துக்குப் பாரம் இருக்கக் கூடாது. வண்டிச்சக்கரக் குடத்துக்குக் கருவேலம். எந்த வேலைக்கு எந்த மரம், மரத்தில் எந்த இடம் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அதுக்கு வடிவமைப்பு என்று யாரும் பேர் வைக்கவில்லை. கூலியாக நெல் அளந்தோம், அவ்வளவுதான்.

கலை என்றால் நமக்கு சாமி சிலை, தேர். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கும், பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கும் புவிசார் குறியீடு கொடுத்திருக்காங்க, சந்தோஷம். கடைசல் வேலை என்றால் சென்னப்பட்டணா பொம்மை. அது நம்ம வேலிகளிலும் மலையடியிலும் நிற்கிற வெட்பாலை மரத்தில் கடைவது, அரக்குச் சாயம் ஏற்றுவது. ஆனால் மரப்பாச்சியும், நடைவண்டியும், பல்லாங்குழியும், மரக்காலும் கலையா சாமானா? யாரும் கேட்டதில்லை. குழந்தை கையில் இருந்தது, அரிசிப் பானையில் இருந்தது. அழகாகவும் இருந்தது.

"அந்த வெடிச்ச பலகையை எடு" என்றார் ஆசாரி. "பெஞ்சு போடலாம். நீ பண்ண தப்பு நடுவுலயே இருக்கட்டும். வர்றவன் போறவன் பாக்கட்டும்."

2023 ஆடியில் வேலை ஆரம்பித்தோம். மற்ற பலகைகளும் அப்போதுதான் பதத்துக்கு வந்திருந்தன. ஆசாரி இழைப்புளி போட்டார், நான் பிடித்துக்கொண்டேன், மணல்தாள் தேய்த்தேன். வேம்புக்கு நார் ஒரு பக்கமாக ஓடாது. ஒரு சாண் இப்படி, ஒரு சாண் அப்படி. இழைப்புளி ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று பிய்த்துக்கொண்டு வரும். இதில் பாதி வேலை கையால் தடவிப் பார்ப்பதுதான். ஓரத்தை அறுக்கவில்லை. பட்டையை மட்டும் சுரண்டிவிட்டு மரத்தின் வளைவை அப்படியே விட்டோம்.

வெடிப்பில் பதிக்கும் கட்டைக்கு, பலகையைவிடக் கெட்டியான, நன்றாகக் காய்ந்த மரம் வேணும் என்றார். இல்லாவிட்டால் கட்டை சுருங்கிக் கழன்றுவிடும். வீட்டில் தேடினோம். தேக்குத் துண்டு ஒண்ணு கிடைத்தது, அது போதாது என்றார். அப்போது அவர் கண் கொட்டகை விட்டத்தின் மேல் போச்சு.

"அது இன்னா மரம் மேல?"

இறக்கினேன். துணியைப் பிரித்தேன். நகத்தால் கீறிப் பார்த்து, "வேங்கை. அறுவது வருசம் காஞ்சிருக்கும். இதவிட எங்க போய்த் தேடுவ?" என்றார்.

இங்கேதான் என் தப்பு. வீட்டுக்காரம்மா அன்றைக்குக் களை எடுக்கப் போயிருந்தாள். சாயங்காலம் வரட்டும், கேட்டுக்கொண்டு அறுக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஆனால் ஆசாரி கையில் ரம்பம் இருந்தது. நடுவில் வழவழப்பான இடத்தை யார் தொடப்போகிறார்கள், முனையில்தானே, ஆணி அடித்த ஓட்டை இருக்கிற இடம், ஒரு சாண் போனால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "அறுண்ணா" என்றேன்.

மூணு உடுக்கையும் அந்த ஒரு சாணில் வந்தது. வடிவத்தைப் பலகையின்மேல் வைத்து முள்ளால் கோடு இழுத்து, கோட்டுக்கு உள்ளே உளியால் பள்ளம் எடுத்தார். கோட்டில் ஒரு மயிரிழை தள்ளினாலும் கட்டை ஆடும். தட்டி இறக்கும்போது கொட்டாப்புளிச் சத்தம் மாறுவதைக் கேட்கச் சொன்னார். முதலில் 'டொக் டொக்', கடைசியில் கல்லில் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அப்போ உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். கால்களுக்கும் ஆணி கிடையாது. கழுந்து, துளை, ஆப்பு. மூணு நாளில் பெஞ்சு நின்றது. விளக்கெண்ணெய் தடவினதும் வேம்பு ரத்தம் ஏறின மாதிரி சிவந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு அழகான ஒரு பொருள் என் கொட்டகையில் இருந்து வந்தது என்று அத்தனை பெருமை.

வீட்டுக்காரம்மாவும் பார்த்தாள். நன்றாயிருக்கு என்றாள். அப்புறம் குனிந்து கட்டையைத் தொட்டாள். மரத்தின் நிறம் அவளுக்குத் தெரியாதா? நேராகக் கொட்டகைக்குப் போய்ப் படமரத்தை இறக்கி, சாணால் அளந்தாள். திரும்பி வந்து என்னிடம் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாள்.

"இன்னாங்க, ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே."

அப்புறம் பதினோரு நாள் பேச்சு இல்லை. சோறு போடுவாள், மாட்டைப் பிடிப்பாள், வயலுக்கு வருவாள். பேச்சு மட்டும் இல்லை. அந்தப் பெஞ்சில் உட்காரவும் இல்லை. தரையில் உட்கார்ந்தே மல்லாட்டை உடைப்பாள். பெஞ்சு பக்கத்திலேயே காலியாகக் கிடக்கும். அது எனக்கு அடித்த அடி மாதிரி இருக்கும். ஆசாரிக்கு விஷயம் தெரிந்து மறுநாளே வந்தார். "தங்கச்சி, எனக்குத் தெரியாதும்மா. இவன் சொல்லல" என்று நின்றார். "நீங்க இன்னா பண்ணுவீங்கண்ணா" என்று காப்பி போட்டுக் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

யோசித்துப் பார்த்தேன். மரத்தைப் பற்றி எத்தனை படித்துச் சொன்னாலும், நான் பார்த்தது மரத்தின் கெட்டியைத்தான். அவள் பார்த்தது அதில் சாய்ந்திருந்த ஆளை. விறகு வியாபாரி என் வேப்பமரத்தைப் பார்த்து மூவாயிரத்து ஐநூறு என்றதும் எனக்கு உள்ளே சுருக்கென்று இருந்ததே, அதே வேலையைத்தான் நான் அவளுக்குச் செய்திருக்கேன்.

பன்னிரண்டாம் நாள் மழை. கூரை ஓரம் ஒழுகித் தரை ஈரம். வேறு வழி இல்லாமல் முறத்தை எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். கை தானாக அந்தக் கட்டைமேல் போச்சு. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி வெளியே போய்விட்டேன்.

அந்த வருஷம் தீபாவளிக்குப் பெண்ணோடு வேலை செய்கிற ஒருத்தர் குடும்பத்தோடு படவேடு கோயிலுக்கு வந்தவர் எங்க வீட்டில் சாப்பிட்டார். பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கடைசியில், "ஐயா, முப்பதாயிரம் தர்றேன், குடுத்துடுங்க" என்றார். எனக்கு அப்போது மோட்டார் காயில் கருகி, சரிபண்ண ஆள் இல்லாமல், மணிலாப் பயிர் வாடிக்கொண்டிருந்த நேரம். முப்பதாயிரம் என்பது எனக்கு ஒரு போகத்து லாபம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் இந்த முறை அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் நிதானமாகச் சொன்னாள். "தாராளமா குடுங்க. எங்க நைனா கட்டை மூணையும் பேத்து எடுத்து எங்கிட்ட குடுத்துட்டு, அப்பறம் குடுங்க."

கட்டையைப் பேர்த்தால் பலகை ரெண்டாகப் போகும். அது அவளுக்கும் தெரியும். அவர் சிரித்துவிட்டார், நானும். பெஞ்சு நடையிலேயே நின்றுவிட்டது. மோட்டாருக்கு நகைக்கடன்தான் வாங்கினேன்.

"அப்படின்னா இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க" என்று அவர் கேட்டார். ஆசாரியிடம் சொன்னேன். "இதே மாதிரின்னா, இவன் மறுபடியும் சித்திரை வெயில்ல நிறுத்தணுமே" என்றார் என்னைப் பார்த்துக்கொண்டு. அப்புறம், "வேற மாதிரி செய்யலாம். பலகை எப்படிச் சொல்லுதோ அப்படி" என்றார். மீதி பலகைகளில் இதுவரைக்கும் மூணு பெஞ்சு செய்திருக்கோம். எங்க தாத்தா இரும்பு முளைக் கறை இருக்கிற பலகை ஒண்ணு, அந்தக் கறையை நடுவில் வைத்தே செய்தோம். முனையில் லேசாக வெடித்த இடங்களுக்கு உடுக்கை போட, என் அப்பாவின் உடைந்த ஏரில் இருந்து கருவேலம் எடுத்தோம். எடுக்கிறதுக்கு முன்னால் என் தம்பியிடம் போன் பண்ணிக் கேட்டேன். "அட, அதுக்கெல்லாம் கேக்கணுமா?" என்றான். கேட்கணும் என்று எனக்குத் தெரிந்துபோச்சு.

விற்றதில் பாதிக்கு மேல் ஆசாரிக்கு. அவர் அதை வாங்கி எண்ணிப் பார்த்தபோது, இத்தனை வருஷம் கழித்து உளி வேலைக்குக் கூலி வாங்குகிறேன் என்றார். ஒரு பெஞ்சு வாங்கினவர் மட்டும் போன் பண்ணி, "வெடிப்பு இருக்கே, விலையில கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?" என்று கேட்டார். அதுக்கு என்ன பதில் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கேன். ஒரு பலகை மீதி இருக்கு. அதை விற்பதாக இல்லை. பெண்ணுக்குத் தொட்டில் கட்ட வேண்டி வரும்போது பார்க்கலாம் என்று ஆசாரி சாத்தி வைத்திருக்கார்.

போன ஐப்பசியில் அடைமழை. வீட்டுக்காரம்மா பெஞ்சில் உட்கார்ந்து கட்டையின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடையில் நகம் நுழைகிற அளவு இடைவெளி இருக்கும். மழைக்கு மரம் ஊதி, கோடு கூடத் தெரியாமல் இறுகிவிட்டது.

"மழை வந்தா இறுகிக்குது பாருங்க" என்றாள். "எங்க நைனா தறியும் இப்படித்தான். ஐப்பசி கார்த்தில பட்டு ஈரம் இழுத்துக்கினு மக்கர் பண்ணும். குழியில வேற தண்ணி ஊறும். தறி ஓடாது. நைனாவுக்கு அந்த ரெண்டு மாசந்தான் லீவு. எங்கள உக்கார வெச்சிக்கினு கதை சொல்லும்."

நாலு வருஷமாக அவள் அவங்க நைனாவைப் பற்றி என்னிடம் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு மழை விடுகிற வரைக்கும் பேசினாள். நான் எதிரில் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

படமரம் இப்போது கொட்டகையில் இல்லை. வீட்டுக்குள்ளே, சாமி மாடத்துக்கு மேலே, சுவரில் ரெண்டு முளை அடித்து வைத்திருக்கோம். ஒரு பக்கம் ஒரு சாண் குறைச்சல்தான்.